ஹெச் கிளப்பும் நான் சொன்ன ஒரு ‘யெஸ்’ஸும்

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெரிய நேர்மைசாலி என்று ஒரு புத்தகத்துக்காக ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். யாராவது அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பிவிடாதீர்கள்.

திங்கட்கிழமை காலை, அபுதாபியின் முசஃபாவில் எங்கள் ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப்பில் ஒரு இரும்பு கேட்டுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கம் என் போனுக்கு வந்தது. அனுப்பியவர் டெக்லன். அயர்லாந்துக்காரர், இங்கே ஒரு பள்ளியில் பூகோள வாத்தியார். பதினைந்து வருடத்துக்கு முன் அவரும் அவர் நாட்டுக்காரர்கள் சிலரும் சேர்ந்து அபுதாபியில் ஒரு கேலிக் ஃபுட்பால் கிளப் ஆரம்பித்தார்கள். இப்போது பதினைந்தாம் ஆண்டு விழா. டெக்லன் கிளப்பின் வரலாற்றை எழுதுகிறார். ‘உன் பக்கம் இது. தப்பு இருந்தால் வியாழனுக்குள் சொல்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

வாசித்தேன். ஆறு வருடத்துக்கு முன் நடந்த பெண் பிள்ளைகளின் இறுதிப் போட்டி. கடைசி நிமிடத்தில் இஸ்ஸி என்ற பெண் உதைத்த பந்து செல்லாது என்று, கம்பத்தடியில் நின்ற அவளுடைய சொந்த அப்பாவே சொன்னார். கிளப் ஒரு புள்ளியில் தோற்றது. அப்படிப்பட்ட மனிதர்களால்தான் இந்த கிளப் நிற்கிறது. இதுதான் சுருக்கம். அடியில் இன்னொரு செய்தி: சனிக்கிழமை மதிய விருந்தில் அந்த அப்பாவுக்கு ஒரு நினைவுப் பரிசு. பக்கத்தை வாசித்துப் பரிசைக் கொடுக்கப்போவது இஸ்ஸியே.

அந்த அப்பா நான்தான்.

2

கேலிக் ஃபுட்பால் என்ன எழவு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நம் வாலிபால் அளவில் ஒரு பந்து. காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம், கையில் வைத்துக்கொண்டும் ஓடலாம். ஆனால் நாலு எட்டுக்கு ஒரு தரம் தரையில் தட்டவேண்டும், இல்லையென்றால் காலில் போட்டு உதைத்துத் திரும்பப் பிடிக்கவேண்டும். கோல்போஸ்ட் ஆங்கில ஹெச் எழுத்து. குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி. மேலே இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போனால் ஒரு புள்ளி. கம்பத்துக்கு ஒருவராக வெள்ளைக் கோட்டு மாட்டி நிற்கும் அம்பயர்கள், கோலுக்குப் பச்சைக்கொடியும் புள்ளிக்கு வெள்ளைக்கொடியும் தூக்குவார்கள். கம்பத்துக்கு வெளியே போனால் அது வைட். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வீசிக் காட்டவேண்டும்.

டெக்லன் முதன்முதலில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு நோட்டுத்தாள். அதில் ஒரு ஹெச், பக்கத்தில் அளவு. எங்கள் வெல்டர் கான் பாய் பெஷாவர்க்காரர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஹாஸ்பிடல் கா போர்டு ஹை க்யா, பாய்?” என்றார், ஆஸ்பத்திரி போர்டோ என்று. நான் ஹெலிபேட் என்று நினைத்தேன். அன்றிலிருந்து எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதற்குப் பெயர் ஹெச் கிளப்.

கம்பத்தை நிரந்தரமாக நடக் கூடாது என்று மைதானத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டம் முடிந்தால் தரை காலியாக இருக்கவேண்டும். அதனால் துண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி பைப்பில் செய்து கொடுத்தேன். ‘சரி, இதை எங்கே வைப்பது?’ என்று டெக்லன் தலையைச் சொறிந்தார். ‘இங்கேயே கிடக்கட்டும்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் என் பிக்கப்பில் ஏற்றி, கொண்டுபோய் நட்டு, ஆட்டம் முடியக் கழற்றி, திரும்பக் கொண்டுவந்து அடுக்குவது என் வேலையாகிப்போனது. அரசாங்கம் வார விடுமுறையை மாற்றியதும் வெள்ளி சனியானது. வேலை மாறவில்லை.

டெக்லனின் புத்தகத்தில் தலைவர்கள், கோப்பைகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. என்னைக் கேட்டால் அந்த கிளப்பின் வரலாறு இந்தக் கம்பங்கள் போன வழிதான். முதலில் வெறும் மணல் பொட்டல். விழுந்தால் முழங்கால் தோல் அங்கேயே இருக்கும். பிறகு ரக்பிக்காரர்களிடம் கெஞ்சி வாங்கிய இடம். அவர்களுடைய ஹெச்சும் நம்முடைய ஹெச்சும் அளவு வேறு என்று தெரியாமல் அரைநாள் மல்லுக்கட்டினோம். மூன்றாவது இடத்தின் நடுவே ரோடு வந்துவிட்டது. இப்போது இருப்பது நாலாவது, புல்தரை. கொரோனா காலத்தில் கம்பங்கள் எங்கள் ஒர்க்‌ஷாப் மூலையில் தூசி படிந்து கிடந்தன. கான் பாய் அதில் கைலி காயப்போட்டார்.

என் மனைவி செல்வி சொல்வாள்: “நெல்லையப்பர் தேருக்குக்கூட இவ்வளவு வடம் பிடிச்சிருக்க மாட்டிய.”

வண்டியில் என்னோடு தொற்றிக்கொண்டு வந்தவள்தான் என் மகள். அப்போது எட்டு வயது. எங்கள் குலதெய்வத்தின் பெயரை வைத்து இசக்கியம்மாள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதல் வாரம் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டாம் வாரம் பந்து பொறுக்கிப் போட்டாள். மூன்றாம் வாரம் மைதானத்தில் யாரோ “இஸ்ஸி! இஸ்ஸி!” என்று கத்த, யாரடா அது என்று திரும்பிப் பார்த்தால் என் பிள்ளை ஓடுகிறாள். ஊரில் சாமி வந்து ஆடும் பெயர், இங்கே மூன்று எழுத்தில் அடங்கிவிட்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

3

இனி என் தப்பு.

நாம் தமிழில் எப்படிப் பதில் சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். “நீ நேத்து வரலதானே?” என்று ஒருவர் கேட்டால், “ஆமா, வரல” என்போம். அவர் சொன்னது சரி என்பதற்குத்தான் அந்த ஆமா. ஆங்கிலத்தில் இதே கேள்விக்கு ‘யெஸ்’ என்றால், ‘வந்தேன்’ என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த வம்பு எனக்கு இங்கே வந்த நாளிலிருந்து உண்டு. ஒரு தரம், விசா விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில், ‘உன்னிடம் பழைய ஐடி இல்லைதானே?’ என்று ஆங்கிலத்தில் கேட்டான். ‘யெஸ்’ என்றேன். ‘அப்ப எடு’ என்றான். ‘இல்லையே’ என்றேன். ‘இப்போதுதானே இருக்கிறது என்றாய்?’ என்று எரிந்து விழுந்தான். பின்னால் நின்ற வரிசை மொத்தமும் என்னைத்தான் பார்த்தது.

வீட்டில் இதை வேறு மாதிரி சொல்வேன். ‘அவனுக்கு இங்கிலீஷ் தெரியல’ என்பேன். பிள்ளைக்கு முன்னால் இங்கிலீஷில் நான் ஒரு புலி. அந்தப் பவுசை விட மனசு வரவில்லை.

அந்த இறுதிப் போட்டி மூன்றாவது மைதானத்தில் நடந்தது. குவைத்திலிருந்து வந்த பெண் பிள்ளைகளோடு. ஜெயிக்கிற அணி கோடை விடுமுறையில் அயர்லாந்தில் ஒரு போட்டிக்குப் போகும். பன்னிரண்டு நாள். இசக்கிக்கு அப்போது பதினாறு வயது. அம்பயருக்கு ஒரு ஆள் குறைந்தது. டெக்லன் வெள்ளைக் கோட்டை என் தலையில் கட்டினார். அது எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

கடைசி நிமிடம். எங்களுக்கு ஒரு கோல், எட்டுப் புள்ளி. அவர்களுக்கு இரண்டு கோல், ஆறு புள்ளி. கோலை மூன்றாக வைத்துக் கூட்டினால் பதினொன்றுக்குப் பன்னிரண்டு. இசக்கி வலது ஓரத்திலிருந்து உதைத்தாள். பந்து என் கம்பத்தின் உச்சிக்கும் மேலே, உள்பக்கமாகப் போயிற்று. சந்தேகமே இல்லை, உள்பக்கம்தான். சரிசமம். எக்ஸ்ட்ரா டைம் ஆடவேண்டியதுதான். கொடியை எடுக்கக் குனிந்தேன். காற்றில் அது சாய்ந்து கம்பத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. நான் எட்டி எடுப்பதற்குள் ரெஃப்ரி ஓடிவந்துவிட்டார். பஹ்ரைனிலிருந்து வந்தவர். எதிர்க் கம்பத்து அம்பயருக்குக் கண்ணில் வெயில். ரெஃப்ரி என்னிடம் மூச்சு வாங்கக் கேட்டார்: “இட் வாஸின்ட் வைட், வாஸ் இட்?”

வைட் இல்லதானே?

ஆமா! ஆமா! “யெஸ்! யெஸ்!” என்று கத்தினேன். சந்தோஷத்தில் கத்தினேன்.

அவர் தலையசைத்துவிட்டுத் திரும்பினார். எதிர்க் கம்பத்துக்காரரிடம் சைகை காட்டினார். அந்த மனிதர் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வீசினார். வைட்.

4

இதுவரை எழுதியதை செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு அழுதாள். இனி எழுதுவதை அவளிடமும் சொன்னதில்லை.

அந்தக் கை வீசியதும் என்ன நடந்துவிட்டது என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அதற்குள் கொடி என் கைக்கு வந்திருந்தது. கோல்கீப்பர் பெண் பந்தை எடுத்துவரப் பின்னால் ஓடினாள். ரெஃப்ரி பத்தடி தூரத்தில்தான் நின்றார். ‘நோ, நோ, பாயின்ட்’ என்று சொல்ல இரண்டு நொடி போதும். கொடியைத் தூக்கியிருந்தாலே போதும். நான் தூக்கவில்லை.

வெட்கம் ஒரு காரணம். இத்தனை பேர் முன்னால், பிள்ளை முன்னால், எனக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது. ஆனால் அது மட்டும் காரணம் என்று எழுதினால் இந்தப் பக்கமும் டெக்லன் எழுதிய பக்கம் மாதிரி ஆகிவிடும். அந்த நொடியில் என் மனசு சொன்னது இதுதான்: அப்பாடா, அயர்லாந்து இல்லை.

பயந்தேன். பதினாறு வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று ஊரில் என் அண்ணன் போனில் ஒரு பாட்டு பாடியிருந்தார். அதைவிட, போய்விட்டு வந்தால் இவள் நம்மிடம் முழுசாகத் திரும்பி வருவாளா என்ற பயம். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரத் தொடங்கியிருந்த நேரம் அது.

அயர்லாந்து போக அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும். என்ஓசி. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இந்த மூன்று எழுத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால்தான் இன்னொருவன் நகர முடியும். வேலை மாற நான் முதலாளியிடம் அந்தத் தாளுக்காக ஏழு மாதம் நடந்திருக்கிறேன். அதே தாள் என் கைக்கு வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டியின் டேஷ்போர்டில், முல்கியாவுக்கு அடியில் வைத்தேன். முல்கியா என்றால் வண்டியின் ரிஜிஸ்ட்ரேஷன் அட்டை. இசக்கி கேட்டபோதெல்லாம், “கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேம்மா, நீ ஜெயிச்சிட்டு வா” என்றேன். போடவில்லை.

போட்டி முடிந்து வண்டியில் வரும்போது அவள் அழவில்லை. முசஃபா பாலம் தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி: “அப்பா, ஆர் யூ ஷ்யூர்?”

“ஷ்யூர்” என்றேன்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வருடம் கொரோனா வந்து உலகத்தையே பூட்டியது. அதற்குப் பிறகு அவளுக்குப் பதினெட்டு தாண்டி, அந்த அணியில் இடம் இல்லாமல் போனது. என்னிடம் எதையும் கேட்பதை அவள் நிறுத்திக்கொண்டாள். சண்டை கிடையாது, கோபம் கிடையாது. “ஃபைன், அப்பா.” எல்லாவற்றுக்கும் ஃபைன். இப்போது துபாயில் வேலை, அங்கேயே சத்வாவில் தோழிகளோடு அறை. பெரியவர்கள் அணியில் ஆடுவதற்காக சனிக்கிழமை வருவாள், ஆடுவாள், அம்மா செய்ததைச் சாப்பிடுவாள், போய்விடுவாள். வருடா வருடம் வண்டியைச் சோதனைக்கு, அதாவது பாஸிங்குக்கு, எடுத்துப் போகும்போது முல்கியாவோடு அந்தத் தாளும் கையில் வரும். திரும்ப வைத்துவிடுவேன்.

5

வியாழன் வரைக்கும் டெக்லனுக்கு நான் பதில் போடவில்லை. மூன்று தரம் எழுதி அழித்தேன்.

செல்வி விடவில்லை. “ஏங்க, அந்த யெஸ் கதையை அவகிட்டயாவது முன்னாடியே சொல்லிருங்க. மேடையில போயி திருட்டு முழி முழிக்காதிய.”

“சொல்லுதேன், சொல்லுதேன்.”

“ஆறு வருசமா இதைத்தான் சொல்லுதிய. புள்ள நீங்க வேணும்னே தோக்கடிச்சியன்னு நெனச்சுட்டு இருக்கா. நீங்க என்னடான்னா இங்கிலீஷ் தெரியும்னு வெறப்பா அலையுதிய.”

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குத் தெரியாமலே சரியான இடத்தில் குத்திவிட்டாள். எரிச்சலில், “சும்மா கெட” என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். எழுந்து போக எனக்கு வேறு இடம்? பால்கனிதான். அங்கே அரை மணி நேரம் நின்றேன்.

6

சனிக்கிழமை காலை கம்பங்களை ஏற்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். விருந்துக்கு முன்னால் ஒரு நட்பு ஆட்டம் இருந்தது. இசக்கி நேராக அங்கே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். கையில் அந்தப் பக்கம். சிக்னலில் நின்றபோது மெல்ல வாசித்துப் பழகினாள். ‘தி மோஸ்ட் ஆனஸ்ட் மேன்’ என்ற இடத்தில் குரல் கொஞ்சமும் மாறவில்லை. செய்தி வாசிக்கிற பெண்கூட இன்னும் கொஞ்சம் உணர்ச்சியோடு வாசிப்பாள்.

“நிறுத்தும்மா” என்றேன்.

“என்னப்பா?”

சொன்னேன். ரெஃப்ரி கேட்ட கேள்வி, நான் சொன்ன யெஸ், டைப்பிங் சென்டர், எல்லாம். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன் அடித்து, மறுபடி சிவப்பாகியும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். தமிழில் கேட்டாள்.

“அப்ப அது வைட் இல்லதானப்பா?”

“ஆமா.”

அவள் சிரித்துவிட்டாள். என் மகள் என் வண்டியில் சிரித்து ஆறு வருடம் ஆகிறது. “ஐயோ, அப்பா! யெஸ்ஸா! யெஸ்ஸா சொன்னிய!” என்று டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு சுலபமா, இதற்கா இத்தனை வருடம் என்று நினைத்தேன். மிச்சம் பாதியைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அவள் தட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு உள்ளேதான் அந்தத் தாள் கிடந்தது.

7

ஆட்டம் முடிந்து, புல்தரை ஓரத்தில் கூடாரம் போட்டு விருந்து. நூறு பேருக்கு மேல் இருக்கும். செல்வி பட்டுச்சேலையில் முதல் வரிசை. இசக்கி மைக்கைப் பிடித்தாள். பக்கத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தானாகவே பேசினாள். தமிழில் ஆமா என்றால் என்ன, ஆங்கிலத்தில் யெஸ் என்றால் என்ன என்று அழகாக விளக்கினாள். கூடாரமே வெடித்துச் சிரித்தது. டெக்லன் தலையில் கைவைத்துக்கொண்டு, “பதினைந்து வருட வரலாற்றையும் திருத்தவேண்டும் போலிருக்கே!” என்று ஆங்கிலத்தில் கத்தினார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நேர்மைசாலியாக வந்தவன் அப்பாவியாக மாறியிருந்தேன். அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

பரிசு ஒரு கண்ணாடிச் சட்டம். அன்றைக்கு நான் தூக்காத அந்த வெள்ளைக்கொடி உள்ளே இருந்தது. இசக்கி அதை என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அம்மாவின் பேச்சிலேயே கேட்டாள்.

“அந்த அம்பயர் கைய வீசுனதுக்கு அப்புறம், நீங்க வேணும்னு சும்மா இருக்கலதான?”

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். டெக்லன் போட்டோ எடுக்க போனைத் தூக்கினார். ‘ஆமா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தமிழில் அதுதான் அந்தக் கேள்விக்கு நல்ல பதில். அவளும் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், போட்டோ நன்றாக வரும்.

“இருந்தேம்மா” என்றேன். “வேணும்னுதான் இருந்தேன். உன்ன அனுப்ப பயம்.”

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. போட்டோவில் நாங்கள் இரண்டு பேரும் யாரோ செத்த வீட்டில் நிற்பது மாதிரி இருக்கிறோம்.

“தெரியும்” என்றாள். “அன்னைக்கு ராத்திரியே வண்டியில அந்தப் பேப்பரப் பாத்தேன். கையெழுத்து இல்ல. நீங்களா சொல்லுதியளான்னு பாத்தேன்.”

அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாடு வந்தது, போனது. செல்வி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு நான் கம்பங்களைக் கழற்றப் போனேன். குறுக்குக் கம்பியின் மறுமுனையை யாரோ பிடித்தார்கள். பார்த்தால் அவள். இரண்டு ஹெச்சையும் கழற்றினோம், வண்டியில் ஏற்றினோம், கயிறு கட்டினோம். நான் முடிச்சை இறுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

“அந்தப் பேப்பர் இன்னும் இருக்கா?”

கதவைத் திறந்து, முல்கியாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெயிலில் மடிப்பெல்லாம் பழுப்பேறியிருந்தது. அவள் அதை பானெட் மேல் விரித்து, கையால் நீவி, முழுசாக ஒரு தரம் வாசித்தாள். பிறகு தன் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“போடுங்க.”

“இப்ப எதுக்கும்மா? அது எப்பவோ…”

“போடுங்கப்பா.”

போட்டேன். தேதி எழுதும் இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, அந்தப் போட்டி எந்த மாதம் நடந்தது என்று யோசித்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அன்னைக்குத் தேதிய போடாதிய. இன்னைக்குத் தேதி போடுங்க.”